மணல் குவாரி விரிவாக்கம்: ஆற்றின் கணக்கும் தாளின் கணக்கும்

ஒரு மணல் குவாரியை விரிவாக்குவதென்றால் பரப்பைக் கூட்டலாம், ஆழத்தைக் கூட்டலாம், ஆண்டுக்கு அள்ளும் அளவைக் கூட்டலாம், அல்லது குவாரி நடக்கும் ஆண்டுகளைக் கூட்டலாம். மேட்டு நிலத்தில் புதைந்து கிடக்கும் மணலுக்கும் சரளைக்கும் இந்த நான்கு வழிகளும் திறந்தே இருக்கின்றன. துளையிட்டுப் பார்த்து, உள்ளே கிடப்பது எவ்வளவு என்று தெரிந்துவிட்டால் மீதியெல்லாம் வரவு செலவுக் கணக்குதான். ஆற்றில் இந்தக் கணக்கு செல்லாது. கிணற்றோடு நிலம் வாங்கும் விவசாயி நிற்கும் தண்ணீரைப் பார்த்து விலை பேசமாட்டார். ஒருமுறை இறைத்துவிட்டு, மறுநாள் காலையில் எவ்வளவு ஊறியிருக்கிறது என்று பார்ப்பார். ஆற்று மணலையும் அப்படித்தான் அளக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியும் மணல் மேட்டின் பருமனைவிட, ஓர் ஆண்டில் ஆறு புதிதாகக் கொண்டுவந்து சேர்ப்பது எவ்வளவு என்பதுதான் விரிவாக்கத்தின் எல்லையைத் தீர்மானிக்கிறது.

மணலின் தேவை எளிதில் குறையப் போவதில்லை. உலகம் ஆண்டுக்குச் சுமார் 5,000 கோடி டன் மணலும் சரளையும் பயன்படுத்துவதாக ஐ.நா. சுற்றுச்சூழல் திட்ட அமைப்பு 2022-இல் வெளியிட்ட அறிக்கை மதிப்பிட்டது. தண்ணீருக்கு அடுத்தபடியாக மனிதர் மிக அதிகம் எடுக்கும் இயற்கை வளம் இதுவே. இந்தியச் சட்டத்தில் மணல் ஒரு 'சிறு கனிமம்'. 1957-ஆம் ஆண்டின் சுரங்கங்கள் மற்றும் கனிமங்கள் சட்டம், சிறு கனிமங்களுக்கு விதி வகுக்கும் அதிகாரத்தை மாநிலங்களிடம் விட்டிருக்கிறது. தமிழ்நாட்டின் விதிகள் 1959-ஐச் சேர்ந்தவை. அவற்றில் 2003 அக்டோபரில் புகுத்தப்பட்ட 38-ஏ என்ற விதி, ஆற்று மணல் அள்ளும் உரிமையை அரசுக்கே உரியதாக்கியது. அன்று பொதுப்பணித் துறை நடத்தியதை இன்று நீர்வளத் துறை நடத்துகிறது. ஆகவே தமிழ்நாட்டில் ஆற்று மணல் குவாரியை விரிவாக்க விண்ணப்பிப்பதும், ஆற்றைக் காக்கும் பொறுப்பை ஏற்றிருப்பதும் ஒரே துறைதான். இந்த இரட்டை வேடத்தை நினைவில் வைத்துக்கொண்டுதான் பின்வரும் கணக்குகளைப் படிக்க வேண்டும்.

சொற்களிலும் ஒரு சிக்கல் உண்டு. வெளிநாட்டு நூல்களில் 'கிராவல்' என்றால் ஆற்றுக் கூழாங்கல்லும் சரளையும். தமிழ்நாட்டு லாரித் தொழிலில் கிராவல் என்றால் சாலைக்கும் மனைக்கும் கொட்டி மேடாக்கும் செம்மண் கலந்த நிரவு மண். ஏரியிலிருந்து எடுக்கும் வண்டல் கலந்த மண்ணுக்குச் சவுடு என்று பெயர். சவுடு என்று அனுமதி வாங்கிவிட்டு அடியில் இருக்கும் மணலை அள்ளியதாக எழுந்த வழக்குகள் பல. அனுமதித் தாளில் எந்தச் சொல் இருக்கிறது என்பது சிறிய விஷயமில்லை.

விரிவாக்கத் திட்டத்தின் முதல் வேலை அளவெடுப்பு. கரையில் நகராத இடத்தில் குறியீட்டுக் கல் நட்டு, அதன் மட்டத்தை ஆதாரமாக வைத்து, ஆற்றின் குறுக்கே கரைக்குக் கரை வரிசையாக மட்டம் எடுக்கிறார்கள். இப்படி எடுத்த குறுக்குவெட்டுகளை அடுக்கினால் படுகையின் வடிவம் கிடைக்கும். இப்போது ட்ரோன் படங்களும் இதற்குப் பயன்படுகின்றன. ஆனால் தண்ணீருக்கு அடியில் இருக்கும் தரையை ட்ரோன் பார்க்காது. பிறகு சோதனைக் குழிகள் வெட்டி, மணல் எவ்வளவு ஆழம், எந்த அடுக்கில் களிமண் தொடங்குகிறது, நிலத்தடி நீர் எங்கே நிற்கிறது என்று பதிகிறார்கள். சல்லடை போட்டுப் பருமணல் எவ்வளவு, நயமணல் எவ்வளவு என்று பிரிக்கிறார்கள். தேசிய வழிகாட்டு நெறிமுறைகள் அதிகபட்சம் 3 மீட்டர் ஆழம் என்கின்றன. தமிழ்நாட்டின் அனுமதிகளில் பெரும்பாலும் 1 மீட்டர்தான். நீர்மட்டத்தைத் தொடக்கூடாது என்பது இரண்டுக்கும் பொது. அதனால் ஆற்றில் ஆழத்தைக் கூட்டும் விரிவாக்கம் கிட்டத்தட்ட அடைபட்ட வழி. மிஞ்சுவது பரப்பும் அளவும்.

ஒவ்வொரு மாவட்டத்துக்கும் 'மாவட்ட ஆய்வு அறிக்கை' ஒன்று இருக்க வேண்டும் என்று 2016 ஜனவரியில் வந்த அறிவிக்கை சொல்கிறது. எந்த ஆற்றில் எந்தப் பகுதியில் மணல் சேர்கிறது, எங்கே அரிப்பு நடக்கிறது, எங்கே கைவைக்கக் கூடாது என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். அதன் வரைவு மாவட்ட இணையதளத்தில் 21 நாள் மக்கள் கருத்துக்காக வைக்கப்பட வேண்டும். ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். கண்டறிந்த மொத்த இருப்பில் 60 சதவீதத்தை மட்டுமே எடுக்கத்தக்கதாகக் கொள்கிறது அதன் படிவம்.

இனி, ஆறு எவ்வளவு திருப்பித் தருகிறது என்ற கேள்வி. இதற்கான ஆய்வை மீள்படிவு ஆய்வு என்று சொல்லலாம். மணல் அள்ளுவதைக் கண்காணிக்க மத்திய அரசு 2020-இல் வெளியிட்ட நெறிமுறைகள் ஆண்டுக்கு நான்கு முறை மட்டம் எடுக்கச் சொல்கின்றன. ஏப்ரலில் ஒன்று, பருவமழைக்காகக் குவாரியை மூடும்போது ஒன்று, மழை முடிந்து புதுமணல் படிந்த பின் ஒன்று, நிதியாண்டு முடியும் மார்ச் இறுதியில் ஒன்று. இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் உள்ள வேறுபாடு ஆறு தந்தது. மூன்றாவதுக்கும் நான்காவதுக்கும் உள்ள வேறுபாடு குவாரி எடுத்தது. எளிமையான, நேர்மையான முறை. ஆனால் இது ஒரே ஒரு பருவமழையை மனத்தில் வைத்து வகுத்த நாட்காட்டி. காவிரியில் வெள்ளம் இரண்டு முறை வரும். குடகிலும் வயநாட்டிலும் தென்மேற்குப் பருவமழை கொட்டும்போது ஜூலை, ஆகஸ்டில் ஒருமுறை. வடகிழக்குப் பருவமழையில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை உள்ளூர் ஓடைகளும் சிற்றாறுகளும் பெருகும்போது இன்னொரு முறை. இடையில் உள்ள வாரங்களில் குவாரி ஓடினால், படிந்தது எது, அள்ளியது எது என்று பிரித்தறியவே முடியாது.

களத்தில் அளக்காமல் சூத்திரத்தால் கணக்கிடும் பழக்கமும் இருக்கிறது. வடிநிலப் பரப்பையும் மழைநீர் ஓட்டத்தையும் கொடுத்தால் ஆண்டுக்கு இத்தனை டன் வண்டல் வரும் என்று சொல்லும் டெண்டி-போல்டன் சமன்பாடு இந்திய அறிக்கைகளில் அடிக்கடி தலைகாட்டும். அது அமெரிக்க நீர்த்தேக்கங்களில் படிந்த வண்டலை அளந்து உருவாக்கியது. அங்கிருந்து வந்ததாலேயே அது தவறாகிவிடாது. எந்தப் பரப்பை அதில் போடுகிறோம் என்பதில்தான் கோளாறு. காவிரி வடிநிலத்தின் மொத்தப் பரப்பு 81,155 சதுர கிலோமீட்டர். அதில் பாதிக்கு மேல், சுமார் 42,000 சதுர கிலோமீட்டர், மேட்டூர் அணைக்கு மேலே கிடக்கிறது. 1934 முதல் அந்தப் பரப்பிலிருந்து உருண்டு வரும் பருமணல் அணையைத் தாண்டுவதில்லை. நீர்த்தேக்கத்தின் தலைப்பகுதியிலேயே படிந்துவிடுகிறது. அதற்கும் மேலே கிருஷ்ணராஜ சாகரும் கபினியும் ஹேமாவதியும் இருக்கின்றன. மேட்டூருக்குக் கீழே சேரும் பவானிக்கும் அமராவதிக்கும் தனித்தனி அணைகள். திருச்சிக்கு அருகே குவாரி விரிவாக்கத்துக்குக் கணக்கிடுபவர் முழு வடிநிலத்தையும் சூத்திரத்தில் போட்டால், வரவே வராத மணலுக்கு அனுமதி கிடைத்துவிடும்.

அணையிலிருந்து மணலைத் தொலைத்துவிட்டு வரும் தெளிந்த நீரை, அமெரிக்க ஆற்றியல் அறிஞர் மத்தியாஸ் கோண்டால்ஃப் 1997-இல் எழுதிய கட்டுரையில் 'பசித்த நீர்' என்று அழைத்தார். மணலைச் சுமக்கும் வலு அந்த நீருக்கு இருக்கிறது, சுமக்க மணல்தான் இல்லை. எனவே போகும் வழியில் படுகையையும் கரையையும் கடித்து எடுத்துக்கொள்கிறது. அணைக்குக் கீழே இருக்கும் ஆற்றில் குவாரிக் குழி வெட்டினால் இந்தப் பசிக்கு இன்னொரு வேலையும் கிடைக்கிறது. வெள்ளம் குழியின் மேல்புற விளிம்புக்கு வரும்போது சரிவு கூடி, வேகமும் கூடி, விளிம்பை அரிக்கிறது. அரிக்கப்பட்ட மணல் குழியில் விழுகிறது. அரிப்பு மேலே மேலே ஏறிப் போகிறது. வெள்ளம் வடிந்த பின் மட்டம் எடுத்தால் குழி நிரம்பியிருக்கும். அறிக்கையும் 'மீள்படிவு நன்று' என்று எழுதும். குவாரி எல்லைக்குள் மட்டும் அளந்தவர்களுக்கு, அந்த மணல் இரண்டு கிலோமீட்டர் மேலே இருந்த படுகையைச் சுரண்டி வந்தது என்பது தெரியாது. ஆறு ஒன்றும் தரவில்லை, இடம் மாற்றி வைத்தது, அவ்வளவுதான். ஆகவே மீள்படிவு ஆய்வு குவாரியின் எல்லையோடு நிற்கக் கூடாது. மேலும் கீழும் பல கிலோமீட்டருக்குக் குறுக்குவெட்டு எடுத்திருக்க வேண்டும். ஒரு விரிவாக்க அறிக்கை நம்பத்தக்கதா என்று பார்க்க இந்த ஒரு வரைபடத்தைத் தேடினாலே போதும்.

ஆண்டுக்கு ஆண்டு மாறும் வரத்து இன்னொரு தொல்லை. காவிரியின் வெள்ள உபரி அதன் கிளையான கொள்ளிடத்தில்தான் திறந்துவிடப்படுகிறது. மேட்டூர் நிரம்பாத ஆண்டில் கொள்ளிடத்தில் மணலைப் புரட்டும் அளவுக்கு நீர் வராது. 2013-க்குப் பிறகு மேட்டூர் மீண்டும் நிரம்பியது 2018 ஜூலையில். நடுவில் 2016-17-இன் கடும் வறட்சி. ஐந்தாண்டுக்கான சுரங்கத் திட்டத்தை வெள்ளம் வந்த ஒற்றை ஆண்டின் அளவைக்கொண்டு எழுதினால், மீதி நான்கு ஆண்டும் ஆறு கடனில் ஓடும்.

மீள்படிவு ஆய்வு இல்லாமல் சுற்றுச்சூழல் அனுமதி தரமுடியாது என்பதை உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்டில் ஜம்மு காஷ்மீர் தொடர்பான வழக்கொன்றில் அழுத்தமாகச் சொல்லியிருக்கிறது. மீள்படிவு ஆய்வு சேராத மாவட்ட ஆய்வு அறிக்கை செல்லாது என்பதும் அந்தத் தீர்ப்பின் சாரம்.

அளவு தெரிந்த பிறகு இடம். வரைபடத்தில் அகலமாகத் தெரியும் ஆறு, விதிகளைக் கழித்த பிறகு ஒடுங்கிவிடும். எடுத்துக்காட்டாக 600 மீட்டர் அகலமுள்ள ஆற்றில், இரண்டு பெரிய பாலங்களுக்கு இடைப்பட்ட 4 கிலோமீட்டர் நீளத்தை எடுத்துக்கொள்ளலாம். மொத்தப் பரப்பு 240 ஹெக்டேர். கரையிலிருந்து ஆற்றின் அகலத்தில் கால் பங்கை விட வேண்டும். இரு கரைக்கும் சேர்த்து 300 மீட்டர் போய்விட்டது. பெரிய பாலத்திலிருந்து 1 கிலோமீட்டர் விலகி நிற்க வேண்டும். இரண்டு பாலத்துக்கும் 2 கிலோமீட்டர் போனது. நடுவில் ஒரு கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் நீர் சேகரிப்புக் கிணறு இருந்தால், தமிழ்நாட்டு விதிப்படி அதைச் சுற்றி 500 மீட்டர் ஆரத்தில் தொடக்கூடாது. இன்னும் ஏறக்குறைய 1 கிலோமீட்டர் போனது. மிஞ்சுவது சுமார் 30 ஹெக்டேர். அதிலும் கோடையில் நீர் ஓடும் தடத்தையும், நாணலும் மரமும் பிடித்த திட்டுகளையும் விட வேண்டும். வளைவுகளில் வெள்ளம் மோதி அரிக்கும் புறக்கரையை விட்டுவிட்டு, மணல் படியும் உட்புறத்தில் மட்டுமே அள்ளலாம். அங்கும் திட்டின் மேல்தலையை விட்டுவைத்து, கீழ்ப்பகுதியில் மட்டும். இப்படிக் கழித்து வரும் இடத்தோடு, ஏற்கெனவே நடக்கும் குவாரியின் பரப்பை ஒப்பிட்டால், பல இடங்களில் விரிவாக்க இடமே இல்லை என்பது முதல் நாளே தெரிந்துவிடும்.

பாலத்துக்கு இவ்வளவு தூரம் எதற்கு என்று தோன்றலாம். 2001 மார்ச் 4-ஆம் தேதி இரவு, போர்ச்சுகலில் டோரோ ஆற்றின் மேல் நின்ற ஹின்ட்ஸே ரிபெய்ரோ பாலத்தின் தூண் சரிந்து, ஒரு பேருந்தும் கார்களும் ஆற்றில் விழுந்தன. 59 பேர் இறந்தார்கள். ஆண்டுக்கணக்கில் மணல் அள்ளியதால் படுகை தாழ்ந்து, தூணின் அடித்தளத்தைச் சுற்றி அரிப்பு ஏற்பட்டிருந்தது விசாரணையில் தெரியவந்தது. பாலம் கட்டியவர்கள் தூணை எந்த மட்டத்தில் நட்டார்களோ அந்த மட்டம் அங்கே இல்லாமல் போயிருந்தது. திருச்சியில் 2018 ஆகஸ்டில், ஏற்கெனவே போக்குவரத்து நிறுத்தப்பட்டிருந்த 1928-ஆம் ஆண்டின் கொள்ளிடம் இரும்புப் பாலம் வெள்ளத்தில் சரிந்தது. அதே மாதம் 22-ஆம் தேதி இரவு, ஆர்தர் காட்டன் காலத்து முக்கொம்பு மேலணையில் ஒன்பது மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன. கட்டுமானங்களின் வயது, வெள்ளத்தின் அளவு, மணல் அள்ளியதால் தாழ்ந்த படுகை என மூன்றையும் காரணமாகச் சொன்னவர்கள் உண்டு. எது எவ்வளவு என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. இயக்கவியல் மட்டும் தெளிவு: அணைக்கட்டின் கீழே படுகை தாழத் தாழ, மதகைத் தாண்டும் நீர் விழும் உயரம் கூடும், விழும் உயரம் கூடினால் அடித்தளத்தைத் தாக்கும் வலுவும் கூடும்.

பாலம் சரிந்தால் செய்தி வரும். வாய்க்கால் காய்ந்தால் வராது. காவிரியிலிருந்து பிரியும் பாசன வாய்க்கால்கள் பலவும் ஆற்றின் பழைய தரைமட்டத்தைக் கணக்கில் வைத்து வெட்டியவை. ஆற்றில் முழங்கால் அளவு நீர் ஓடினாலே தலைமதகுக்குள் புகுந்துவிடும்படி மட்டம் அமைத்திருந்தார்கள். படுகை ஒன்றரை மீட்டர் தாழ்ந்தால், அதே நீர் மதகுக்குக் கீழே ஓடிப்போகும். வாய்க்காலுக்கு நீர் ஏற ஆற்றில் வெள்ளமே வர வேண்டும். அல்லது குறுக்கே மணல் மூட்டை அடுக்க வேண்டும், புதிதாகக் கதவணை கட்ட வேண்டும். அந்தக் கதவணையின் செலவு எந்தக் குவாரியின் வரவு செலவுக் கணக்கிலும் வருவதில்லை. விரிவாக்கத் திட்டத்தில், மேலும் கீழும் உள்ள ஒவ்வொரு தலைமதகின் அடிமட்டத்தையும் ஆற்றின் இன்றைய மட்டத்தோடு ஒரே அட்டவணையில் எழுதுவது அரைநாள் வேலைதான்.

நிலத்தடி நீருக்கும் இதேபோல ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். பருமணலின் பருமனில் ஐந்தில் ஒரு பங்காவது வடித்தெடுக்கத்தக்க நீரைத் தாங்கும். 10 ஹெக்டேரில் ஒரு மீட்டர் ஆழம் அள்ளினால் போவது 1 லட்சம் கன மீட்டர் மணல். அதோடு அது தாங்கக்கூடிய 20,000 கன மீட்டர், அதாவது 2 கோடி லிட்டர் நீருக்கான இடமும் போகிறது. ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்ற ஜல் ஜீவன் திட்ட அளவில் பார்த்தால், ஆயிரம் பேருக்கு ஓராண்டுத் தேவை. ஆறு ஓடும்போது நிரம்பி, காய்ந்த பின் கரையோரக் கிணறுகளுக்கு ஊட்டும் சேமிப்பு இது. திருச்சிக்கு அருகே காவிரிப் படுகையில் எடுக்கும் நீர் ராமநாதபுரம் மாவட்டம் வரை குழாயில் போகிறது. எனவே 'பாதிக்கப்படும் மக்கள்' என்ற பட்டியல் கரையோரக் கிராமத்தோடு முடிவதில்லை.

அதே 10 ஹெக்டேரைச் சாலையில் நின்று பார்த்தால் வேறு எண் தெரியும். மணல் வியாபாரத்தில் அளவு யூனிட். 1 யூனிட் 100 கன அடி, அதாவது 2.83 கன மீட்டர். 1 லட்சம் கன மீட்டர் என்பது ஏறத்தாழ 35,300 யூனிட். லாரிக்கு 2 யூனிட் என்றால் 17,600 நடைக்கு மேல். ஆண்டில் 200 நாள் குவாரி ஓடினால் நாளுக்கு 88 நடை. லாரி காலியாக வந்து சுமையோடு திரும்ப வேண்டும்; பத்து மணி நேர வேலையில் ஊர்ச் சாலையில் மூன்றரை நிமிடத்துக்கு ஒரு லாரி. பரப்பை இரட்டிப்பாக்கினால் இரண்டு நிமிடத்துக்கும் குறைவு. பள்ளி விடும் நேரத்தில் அந்தச் சாலையை யார் கடக்கிறார்கள், ஊராட்சிச் சாலை அந்தச் சுமையைத் தாங்குமா, வரிசையில் நிற்கும் லாரிகளுக்கு இடம் எங்கே, யார்டை ஆற்றங்கரையில் வைப்பதா ஊருக்கு வெளியே வைப்பதா என்பவை திட்டத்தில் முன்பே வரவேண்டிய கேள்விகள். நடைமுறையில் இவை கருத்துக் கேட்புக் கூட்டத்தில், பெண்கள் எழுந்து கேட்கும்போதுதான் முதன்முதலாக வருகின்றன.

அனுமதிக்கான பாதை 2006 செப்டம்பர் 14-ஆம் தேதியிட்ட சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையிலிருந்து தொடங்குகிறது. தொடக்கத்தில் 5 ஹெக்டேருக்குக் குறைந்த குத்தகைக்கு அனுமதி தேவையில்லை என்று இருந்தது. விளைவு எதிர்பார்க்கத்தக்கதே: பெரிய படுகைகள் 5 ஹெக்டேருக்குக் குறைவாகத் துண்டாக்கப்பட்டு ஏலத்துக்கு வந்தன. ஹரியானா அரசின் அத்தகைய ஏல அறிவிப்பை எதிர்த்த தீபக் குமார் வழக்கில் 2012 பிப்ரவரி 27 அன்று உச்ச நீதிமன்றம், சிறிய குத்தகைக்கும் அனுமதி கட்டாயம் என்றது. துண்டு போடும் வித்தைக்கு 2016-இல் இன்னொரு பூட்டு வந்தது. 500 மீட்டருக்குள் அடுத்தடுத்து இருக்கும் குவாரிகள் ஒரே தொகுதியாகக் கருதப்படும். அவற்றின் பரப்பெல்லாம் கூட்டிப் பார்க்கப்படும். அதே ஆண்டு மாவட்ட அளவில் அனுமதி தரும் குழுக்களும் அமைந்தன. ஆனால் 2018 செப்டம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், 5 ஹெக்டேருக்கு மேற்பட்டவற்றுக்கு முழு ஆய்வும் பொதுமக்கள் கருத்துக் கேட்பும் மாநில அளவிலான மதிப்பீடும் வேண்டும் என்று திருத்தியது. 4 ஹெக்டேர் குவாரியை 8 ஹெக்டேர் ஆக்குவது, தாளில் ஒரு சிறிய கூட்டல். சட்டத்தில் அது ஒரு வகையிலிருந்து இன்னொரு வகைக்குத் தாவுவது.

விரிவாக்கத்துக்கென்று தனி நடைமுறையும் உண்டு. பழைய அனுமதியில் விதித்த நிபந்தனைகளை நிறைவேற்றினார்களா என்று மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் மண்டல அலுவலகம் சான்றளிக்க வேண்டும். எல்லைக் கல் நட்டார்களா, ஆழம் மீறினார்களா, ஆறு மாதத்துக்கு ஒருமுறை தரவேண்டிய அறிக்கையைத் தந்தார்களா என்பதெல்லாம் அங்கே வெளிச்சத்துக்கு வரும். அனுமதித்த அளவை மீறி முன்பே அள்ளிவிட்டு, அதை 'விரிவாக்கம்' என்று பின்னால் காட்டினாலும் தவறு மறையாது. ஒடிசா இரும்புத்தாது வழக்கில் 2017 ஆகஸ்ட் 2 அன்று உச்ச நீதிமன்றம், அனுமதிக்கு மேல் எடுத்தது சட்டவிரோதச் சுரங்கமே, அதன் முழு விலையையும் வசூலிக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது.

கருத்துக் கேட்புக் கூட்டத்தை மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஏற்பாடு செய்கிறது. மாவட்ட ஆட்சியர் அல்லது அவர் சார்பில் கூடுதல் ஆட்சியர் நிலைக்குக் குறையாத அதிகாரி தலைமை தாங்குவார். 30 நாள் முன்னறிவிப்பு, ஒரு தேசிய நாளிதழிலும் ஒரு தமிழ் நாளிதழிலும் விளம்பரம், அறிக்கையின் சுருக்கம் தமிழில், முழுக் கூட்டமும் வீடியோ பதிவு. எத்தனை பேர் வரவேண்டும் என்ற குறைந்தபட்ச எண்ணிக்கை கிடையாது. பத்துப் பேர் வந்தாலும் கூட்டம் கூட்டமே. அங்கே வாக்கெடுப்பும் இல்லை. ஆனால் எழுப்பிய ஒவ்வொரு கேள்விக்கும் இறுதி அறிக்கையில் பதில் எழுதியாக வேண்டும். 'ஆற்றைக் காப்பாற்றுங்கள்' என்ற குரலுக்கு ஒரு வரியில் பதில் எழுதிவிடலாம். 'எங்கள் வாய்க்கால் தலைமதகின் அடிமட்டம் எவ்வளவு, ஆற்றின் மட்டம் இப்போது எவ்வளவு' என்ற கேள்விக்கு எண்ணைத் தேடி எழுத வேண்டியிருக்கும்.

அனுமதி கிடைத்த பிறகு நடைச்சீட்டு, எடைமேடை, லாரிகளில் ஜிபிஎஸ், குவாரியில் கண்காணிப்புக் கேமரா எனக் கட்டுப்பாடுகள் பல. இவையெல்லாம் வெளியே போன மணலை எண்ணும் கருவிகள். சீட்டு இல்லாமல் போனதை எண்ணுவது மார்ச் இறுதி மட்ட அளவுதான்; படுகை பொய் சொல்லாது. அந்த ஆண்டு சேர்ந்தது குறைவாக இருந்தால் அடுத்த ஆண்டின் அளவைக் குறைக்க வேண்டும். இதை முன்கூட்டியே ஒப்பந்தத்தில் எழுதிவைக்காத திட்டத்தில், ஆறு குறைத்தாலும் பொக்லைன் குறைக்காது.

ஆறு தராத இடத்தில் தேவை பாறைக்குப் போகிறது. 2016-இல் திருத்திய இந்தியத் தர நிர்ணயம் ஐஎஸ் 383, உடைத்த கல்லிலிருந்து செய்யும் மணலையும் (எம்-சாண்ட்) கான்கிரீட்டுக்கு ஏற்றுக்கொண்டது. எம்-சாண்டுக்கென்று தமிழ்நாடு அரசு 2023-இல் தனிக் கொள்கை வெளியிட்டது. ஜல்லிக் குவாரியின் விரிவாக்கக் கணக்கு வேறு மாதிரி. பாறை திரும்ப வளராது என்பதால் மீள்படிவுக் கேள்வியே இல்லை. எவ்வளவு இருக்கிறது, எந்த ஆழம் வரை போகலாம், படிப்படியாக வெட்டும்போது கடைசியில் எவ்வளவு கிடைக்கும் என்பதே கேள்வி. ஆழம் கூடக் கூடப் படிகள் உள்நோக்கி ஒடுங்கும்; மேலே பரப்பு கூடுதலாகக் கிடைத்தால்தான் அடியில் இன்னொரு படி இறங்க முடியும். குடியிருப்பிலிருந்து 300 மீட்டர் இடைவெளி, வெடியின் அதிர்வு, கிரஷர் தூசி, அருகிலுள்ள கிணறுகள் என்று இங்கே அண்டை வீட்டாரின் கவலைகள் வேறு. எம்-சாண்டைக் கழுவத் தண்ணீரும் வேண்டும். கழுவிய சேற்றைக் கொட்ட இடமும் வேண்டும். ஆற்றைக் காப்பாற்றும் மாற்று என்று சொல்லும்போது இந்தச் சேற்றுக் குட்டையைப் பலரும் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

மூடும் திட்டம் தொடக்கத்திலேயே எழுதப்பட வேண்டியது. ஆற்றுக் குவாரியில் லாரிப் பாதையைக் கலைப்பது, சாய்தளத்தை அகற்றிக் கரையைப் பழையபடி கட்டுவது, குழிகளைச் சமன் செய்வது என்று வேலை சில வாரங்களில் முடியும். கல்குவாரியில் மிஞ்சுவது செங்குத்தான சுவர் கொண்ட ஆழக் குழி. பெரும்பாலான திட்டங்களில் அதற்கு எழுதுவது இரண்டே வரி: வேலி போடப்படும், மழைநீர் சேமிக்கப்படும். சென்னையை அடுத்த மாங்காட்டுக்குப் பக்கத்தில் சிக்கராயபுரத்தில் கைவிடப்பட்ட கல்குவாரிகளில் இப்படித் தேங்கிய நீரை, 2017-இன் வறட்சியில் குடிநீர் வாரியம் எடுத்துச் செம்பரம்பாக்கத்தில் சுத்திகரித்து நகருக்கு அனுப்பியது. 2019-இலும் அந்தக் குழிகளுக்கு மறுபடி வேலை வந்தது.